மட்காத மிச்சம்

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னு எழுதுவது. நான் நலம், என் மூக்கு நலமில்லை. அந்தப் பாறைத் தீவில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதையெல்லாம் கடைசியில் கேட்கிறேன். முதலில் புகார்.

நகராட்சியின் புகார்ப் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்து ஊரார் எழுதியதைப் படித்தவள் நான். ஒரு புகார் என்றால் என்ன, எங்கே, எப்போது, யாரால் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். என்ன: நாற்றம். எங்கே: நம் வீட்டுப் பின்பக்கத்துக் கார் கொட்டகை. எப்போது: நான் அலுவலகத்தில் இருக்கும் நேரம் பார்த்து உங்கள் ஆய்வு நிறுவனத்து வண்டி வந்து ஜாடிகளை இறக்கிவிட்டுப் போன நாளிலிருந்து. யாரால்: உங்களால்.

முழங்கால் உயரக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றுக்கும் கறுப்புத் துணிப் போர்வை. "தொடாதே, நகர்த்தாதே, வெளிச்சம் காட்டாதே" என்று உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு. நான் துணியை விலக்கவில்லை. விலக்காமலே உள்ளே இருப்பது என்னவென்று தெருமுனை வரைக்கும் தெரிகிறது. கடற்பாசி. அதுவும் அழுகிக்கொண்டிருக்கும் கடற்பாசி.

மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். படியில் என்னைப் பார்த்தாலே கைக்குட்டையை எடுக்கிறார். "அழறதுக்கா சார், மூக்குக்கா?" என்று கேட்டேன். "ரெண்டுக்கும்தாம்மா" என்றார்.

வெளியூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன். "அதெல்லாம் அவகிட்டயே கேளு" என்று வைத்துவிட்டான். உங்களிடம் கேட்கலாம் என்றால் உங்கள் தீவில் போன் எடுக்காது, வாரத்துக்கு ஒரு படகுதான். எனவே எழுத்துமூலம் கேட்கிறேன். எனக்கு ஒரு விளக்கம் வேண்டும். எடுத்துக்கொண்டு போகும் தேதியும் வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் நாத்தனார்,
சின்னு

பிப்ரவரி 28

அன்புள்ள சின்னு,

உன் புகார் கிடைத்தது. படகுக்காரர் அதை மீன் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். கடிதமே நாறியதால் உன் கருத்து எனக்கு நன்றாக விளங்கியது. நான் நலம். சாப்பிடுகிறேன். இங்கே கடல் மட்டம் எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. அதை ஓர் இயந்திரம் ஏற்கெனவே செய்கிறது. நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னைக் கேட்காமல் ஜாடிகளை அனுப்பியது தப்பு. நிறுவனத்தில் அவை இருந்த இருட்டறையைப் பார்வையாளர் கூடமாக மாற்றிவிட்டார்கள். அங்கே இப்போது கடலின் பெருமையைச் சொல்லும் படங்கள் தொங்குகின்றன. படத்திலிருக்கும் கடல் நாறாது என்பதால் அதற்கு இடம் கிடைத்தது.

நீ விளக்கம் கேட்டாய். பாசி வளரும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவிலிருந்து கரியை எடுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. செத்தால் அழுகுகிறது. அழுகினால் அந்தக் கரி மொத்தமும் திரும்பக் காற்றுக்கே போய்விடும் என்று சொல்கிறது ஒரு கட்சி. கடலின் ஆழத்துக்குப் போய்விட்டால் மொத்தமும் அங்கேயே கிடக்கும் என்று சொல்கிறது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஜாடிக்குள் எட்டிப் பார்க்காதவர்கள். எல்லாம் அழுகி முடிந்த பிறகு தண்ணீரில் ஏதாவது மிஞ்சுகிறதா, மிஞ்சினால் அது நிலைத்து நிற்கிறதா என்பதுதான் என் கேள்வி. ஆழ்கடல் இருட்டு, அதனால் ஜாடிக்கும் இருட்டு. இரண்டு ஜாடிகளில் வெறும் கடல்நீர்தான் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் அம்மா ஆகஸ்டில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் வந்து தண்ணீர் எடுத்துப்போவார். இரண்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதற்குள் ஜாடிகள் கொட்டிப்போனால், சொல்ல எனக்கு வாய் இருக்கும், காட்டக் கையில் ஒன்றும் இருக்காது.

டிசம்பர் வரை பொறுத்துக்கொள்வாயா?

அன்புடன்,
அண்ணி

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கோபம் குறையாத நலம். டிசம்பர் என்று படித்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அப்புறம் வெறும் உப்புத் தண்ணீருக்கும் கறுப்புப் போர்வை போர்த்தி என் வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எழுந்துவிட்டேன்.

மாடிக்காரர் புகார் கொடுத்துவிட்டார். எங்கே? நகராட்சியில். யாரிடம்? என்னிடம். வரிசையில் காத்திருந்து, தன் முறை வந்ததும் கவுண்டருக்குள் நீட்டினார்.

"மாடியிலேயே சொல்லியிருக்கலாமே சார்?"

"அங்க நீங்க வீட்டுக்காரம்மா. இங்கதான் அதிகாரி. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"என் மேலயே புகார் எழுதி என்கிட்டயே குடுக்கறீங்க."

"எழுத்துப் பிழை இருந்தா சொல்லுங்க, திருத்தித் தரேன்."

பிழை இல்லை. "சகிக்கவொண்ணாத" என்ற சொல்லை இவ்வளவு சரியான இடத்தில் யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். கிழித்துப் போட முடியாது, நான் அப்படிப்பட்டவள் இல்லை. புகாருக்குரிய பொருள் எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று முதலில் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. மீன்வளத் துறைக்கு எழுதியிருக்கிறேன்: கடற்பாசி மீனா?

இன்னொன்று. பேருந்து நிறுத்தத்தில் அண்ணன் கம்பெனியின் விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். நீல நிறக் கடல், அதைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு குழந்தை. "நாங்கள் பாசியை மூழ்கடிக்கிறோம். நீங்கள் நிம்மதியாக மூச்சு விடுங்கள்." கீழே பொடி எழுத்தில், "ஒவ்வொரு கிலோவும் கடலடியில், என்றென்றும்." பாசியை மூழ்கடித்து, இவ்வளவு கரியைக் கடலில் அடைத்துவிட்டோம் என்று சான்றிதழ் விற்பார்களாம். புகை விடும் தொழிற்சாலைக்காரர்கள் அதை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் புகை விடுவார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கொட்டகையில் நாறுகிற சாமான் பேருந்து நிறுத்தத்தில் மட்டும் மணக்கிறது!

விளம்பர மேலாளர் அண்ணன்தானே? வாசகமும் அவனுடையதாகத்தான் இருக்கும். நம் வீட்டில் "என்றென்றும்" என்ற சொல்லை உபயோகிக்கிற ஒரே ஆள் அவன். உங்கள் கல்யாணப் பத்திரிகையிலும் போட்டிருந்தான்.

அவனைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. தாள் போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அடுத்த முறை பெரிய தாளாகப் பார்த்து எழுதுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சின்னு

ஏப்ரல் 6

அன்புள்ள சின்னு,

நலம். பெரிய தாள்தான் எடுத்தேன். பாசியைப் பற்றி எழுதியே நிரம்பிவிடும் போலிருக்கிறது.

அந்தப் பலகை எனக்குத் தெரியும். அந்த வாசகம் எழுதப்பட்டபோது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். எங்கள் நிறுவனத்தின் புதுக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தது அந்தக் கம்பெனி. பதிலுக்கு ஒரே ஒரு வாக்கியத்தில் என் கையெழுத்தைக் கேட்டது. இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

"'நிரந்தரம்'னு எழுதிக் குடுங்கம்மா."

"எவ்வளவு சார் நிரந்தரம்?"

"நிரந்தரத்துக்கு என்னம்மா அளவு?"

"பாசியில பெரும்பகுதி அழுகி வாயுவாப் போயிடும் சார். மிஞ்சறது கொஞ்சமாத்தான் இருக்கும். எவ்வளவுன்னு ஜாடி சொல்லணும்."

"கொஞ்சம்னு சொன்னா யாரு வாங்குவா?"

விற்பது என் வேலை என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கையெழுத்துப் போட மறுத்தேன். ஆண்டறிக்கையில் என் கட்டுரைத் தலைப்பிலிருந்த "அழுகிய பாசி"யை "முதிர்ந்த பாசி" என்று திருத்தி அச்சிட்டார்கள். அழுகல் என்ற சொல் நிறுவனத்தின் கண்ணியத்துக்குப் பொருந்தாதாம். அடுத்த வாரமே தீவுக்கு மாற்றல். மாற்றல் உத்தரவில் "கடலின் மீது தங்களுக்குள்ள ஆர்வத்தைக் கருதி" என்று இருந்தது.

ஜாடிக்குள் நடப்பதைக் கேள். முதலில் வரும் நுண்ணுயிர்கள் பாசியில் சுலபமாகச் செரிப்பதைத் தின்று வாயுவாக வெளியே விடும். நீ முகர்வது அவற்றின் பந்தி. அவை விட்டதை அடுத்த கூட்டம் தின்னும், அதன் மிச்சத்தை அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் தின்பதோடு நிற்காமல் மிச்சத்தின் உருவத்தையும் மாற்றிவிடும். கடைசியில் எந்தக் கூட்டத்துக்கும் வாயில் வைக்கப் பிடிக்காத ஏதோ ஒன்று தண்ணீரில் கரைந்து நிற்கும். தண்ணீர் தேநீர் நிறமாகும். கடலில் அப்படிப்பட்ட கரி நூற்றாண்டுக் கணக்கில் யாரும் சீண்டாமல் கிடக்கிறது. பாசியிலிருந்து அதில் எவ்வளவு சேர்கிறது என்பதுதான் நான் கேட்கும் கேள்வி.

தாள் முடிந்துவிட்டது.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் மாடிக்காரரும் ஜாடிகளும்.

உங்கள் இயக்குநரைப் பற்றிப் படித்துவிட்டு அன்று முழுக்க அலுவலகத்தில் வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். "முதிர்ந்த பாசி"யாம். இந்த மனிதர் வீட்டில் சோறு ஊசிப்போனால் அனுபவம் வாய்ந்த சோறு என்பாரா?

மீன்வளத் துறையின் பதில் வந்தது. "கடற்பாசி மீன் அன்று. எனினும் மீன்கள் இதனருகே காணப்படுவதால், முற்றிலும் தொடர்பில்லை என்று கூற இயலாது." பிறகு தோட்டக்கலைத் துறைக்கு அனுப்பினேன். வேர் இல்லாததால் செடியாகாது என்று அவர்கள் இணைப்புத் தாள்களை வைத்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். சுகாதாரத் துறை, நாற்றத்துக்கு விதிகளில் விளக்கம் இல்லை என்று அந்தப் பத்தியையே அடித்துவிட்டது. கழிவுநீர்ப் பிரிவு மாடிக்காரரின் முகவரியை எடுத்துக்கொண்டது, எதற்கென்று தெரியவில்லை.

நேற்று கோப்பு திரும்பி வந்தது. புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் சட்டென்று புரிந்துவிட்டது. புகாரில் ருசியாக இருந்ததையெல்லாம் ஒவ்வொரு துறையும் தின்றுவிட்டது. தின்றதோடு உருவத்தையும் மாற்றிவிட்டது. மிஞ்சியிருப்பதை இனி யாராலும் செரிக்க முடியாது. அதைத் தீர்க்க வழியில்லை, மூடவும் வழியில்லை, அது பாட்டுக்குக் கிடக்கும். எங்கள் ஆவண அறையில் நான் பிறப்பதற்கு முந்தைய கோப்புகள் இப்படித்தான் தேநீர் நிறத்தில் அடுக்கியிருக்கின்றன. அண்ணி, உங்கள் கடலும் எங்கள் அலுவலகமும் ஒரே முறையில்தான் இயங்குகின்றன. எங்களுக்குத்தான் யாரும் சான்றிதழ் தருவதில்லை.

நாற்றம் குறைந்து வருகிறது. அண்ணன் அடுத்த மாதம் வருகிறானாம். அப்போது நீங்களும் விடுப்பு எடுத்து வர முடியுமா? அவனிடம் கேட்டேன், "லைன் சரியில்ல" என்றான். லைன் நன்றாகத்தான் இருந்தது.

சின்னு

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலமறிய விருப்பம். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை, படகு தாமதமாக இருக்கும். அண்ணன் வந்துவிட்டுப் போனான். நாற்றம் நின்றுவிட்டது. ஜாடிகள் இருக்கின்றன. இரண்டு நாளாக மேகமூட்டம். வேறு ஒன்றும் விசேஷமில்லை.

சின்னு

ஜூன் 25

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி.

தங்கள் கடிதத்தில் கோபமே இல்லை. ஆகவே உங்கள் அண்ணன் விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்று புரிந்துகொண்டேன். அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். என் பக்கத்தைச் சொல்லி உங்கள் அண்ணனை உங்கள் முன் குறைத்துப் பேச விருப்பமில்லை. ஜனவரியில் பிரிந்தோம். பிரிவுக்கான மனு நீதிமன்றத்தில் இருக்கிறது. அந்த வாசகத்துக்குக் கீழே என் பெயர் வரவில்லை என்பதில் தொடங்கிய பேச்சு, வேறு எங்கெங்கோ போய் முடிந்தது. "ஒரு சொல்லுக்காகவா?" என்று அவர் கேட்டார். நானும் அதையேதான் அவரிடம் கேட்டேன்.

இது தெரியாமலே நீங்கள் ஜாடிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள். அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வீட்டில் எனக்கு இனி உரிமை இல்லை. உங்கள் அண்ணனுக்கும் உங்களுக்கும் நடுவில் என் ஜாடிகள் நிற்க வேண்டாம். ஆள் வைத்துக் கொட்டிவிடுங்கள். செய்த உதவிக்கு நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஜாடிகளின் உரிமையாளர்)

ஜூலை 10

அண்ணிக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. ஆத்திரத்தில் இருக்கிறேன்.

யாரைப் பார்த்து மதிப்பிற்குரிய அம்மா? நான் எப்போது மதிப்பிற்குரியவள் ஆனேன்? வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவள் நான். ஓர் அளவு பெரிது, உள்ளே பஞ்சு வைத்துக் கொடுத்தது நீங்கள். இன்றுவரை திருப்பித் தரவில்லை. செருப்பைத் திருடியவளை யாராவது "தாங்கள்" என்பார்களா?

கல்யாணம் அவனோடு முறிந்தது, சரி. என்னோடு எப்போது முறிந்தது? எனக்கு நோட்டீஸ் வந்ததா? என் கருத்தைக் கேட்டீர்களா? மீன்வளத் துறையைக் கேட்டேன், தோட்டக்கலைத் துறையைக் கேட்டேன், என்னை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் கடிதத்தில் எழுத இரண்டு விஷயம் இருந்தது, இரண்டுக்கும் கை வரவில்லை. அதனால்தான் மேகமூட்டத்தைப் பற்றி எழுதினேன்.

அண்ணன் வந்ததும் மூக்கை உறிஞ்சினான்.

"நாத்தம் இல்லையே?"

"முடிஞ்சு போச்சு. பாசிய தின்னுட்டாங்க."

"யாரு?"

"கண்ணுக்குத் தெரியாத ஆளுங்க. உங்க பலகையில என்றென்றும்னு போட்டிருக்கே, அதுல முக்கால்வாசிய ரெண்டே மாசத்துல முடிச்சுட்டாங்க."

அவன் சிரிக்கவில்லை. "அந்த ஜாடியெல்லாம் கொட்டிடு சின்னு. இடத்த அடைக்குது."

"கார் எங்கண்ணா இருக்கு, இடம் அடைக்கறதுக்கு?"

"வாங்கப் போறேன்."

"சரி, எழுதிக் குடு."

"என்னது?"

"மனுவா எழுதிக் குடு. வாய்மொழியா வர்றத நாங்க எடுத்துக்கறதில்ல."

அப்போதுதான் சொன்னான். "அவளுக்கும் நமக்கும் இனிமே என்னடி இருக்கு? ஜனவரியிலயே முடிஞ்சு போச்சு."

"'நமக்கும்'னா யார் யாருக்கு?" என்று கேட்டேன். எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டான்.

இதைத்தான் எழுத முடியவில்லை அண்ணி. ஒரு ஜாடியைக் கொட்டிவிட்டான். நான் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் வாசல்வரை ஓடிவிட்டது. நாடு முழுக்கப் பலகை வைத்துப் பாசியைப் பற்றிப் பாடம் நடத்துகிற மனிதன், எந்த ஜாடியைத் தூக்கினான் தெரியுமா? துணிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தான். பழுப்புத் தண்ணீர் சட்டையில் பட்டுவிடும் என்று தெளிந்த தண்ணீராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். வெறும் கடல்நீர் ஜாடி! கொட்டிவிட்டு நிமிரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மாடிக்காரர்தான் தோள் கொடுத்து உள்ளே கூட்டிவந்தார். "உப்புத் தண்ணியக் கொட்டவா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று உண்மையாகவே வருத்தத்தோடு கேட்டார். துணிகளையெல்லாம் உடனே போர்த்திவிட்டேன். வெளிச்சம் பட்டது கொஞ்ச நேரம்தான். அந்த அம்மாவிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

மற்றதைக் கொட்ட மாட்டேன். வீட்டில் பாதி அவனுடையது, பாதி என்னுடையது. எந்தப் பாதி யாருடையது என்று இன்னும் யாரும் கோடு போடவில்லை. ஜாடிகள் என் பாதியில் இருப்பதாக நான் முடிவு செய்துவிட்டேன்.

இனி ஒரு முறை "தாங்கள்" என்று எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

உங்கள் நாத்தனார் (இதை அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை),
சின்னு

ஆகஸ்ட் 22

அன்புள்ள சின்னு,

நலம். உன் கடிதத்தைப் படகுத்துறையிலேயே நின்று படித்தேன். முடித்து நிமிர்ந்தபோது படகு போய்விட்டிருந்தது. பதில் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப்போனதற்குப் படகைக் குறை சொல்ல மாட்டேன்.

கடல்நீர் ஜாடி இன்னொன்று இருப்பதால் ஒப்பிட அது போதும். நடந்ததை அப்படியே அந்த அம்மாவுக்கு எழுதிவிட்டேன். வெளிச்சம் பட்டதையும் மறைக்கவில்லை. அவர் வந்து தண்ணீர் எடுத்துப் போய்விட்டதாகப் பதில் எழுதியிருக்கிறார். வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு புட்டிக்கும் ரசீது கேட்டாராம்.

செருப்பை நீயே வைத்துக்கொள்.

அவருடைய இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது?

அண்ணி

டிசம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அவன் இடுப்பும் நலம். நிமிர்ந்து நடக்கிறான், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆய்வுக்கூடத்து அம்மா இரண்டாம் முறையும் வந்து எடுத்துப் போய்விட்டார். ஜாடிக்குள் டார்ச் அடிக்காமல் வேலையை முடித்தார், பொறுப்பான பெண்மணி. "போன தடவைக்கு அப்புறம் யாரும் தொடலையா?" என்றார். "தொட்டவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்றேன்.

மாடிக்காரர் இரண்டாவது புகார் கொடுத்திருக்கிறார். ஏற்கெனவே நிலுவையில் உள்ள புகாருக்கு அடிப்படையான நாற்றம், முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தப்பட்டுவிட்டதாம். அதனால் தம் முதல் புகார் பொய்ப் புகார் போலத் தோற்றமளிக்கிறதாம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் எப்போது வருவீர்கள் என்று வாரம் ஒரு முறை கேட்கிறார். புகாருக்காக இல்லை, சும்மாதான் என்கிறார்.

பேருந்து நிறுத்தத்துப் பலகை இன்னும் இருக்கிறது. குழந்தை இன்னும் சிரிக்கிறது. தினமும் அதன் கீழே நின்றுதான் பேருந்து ஏறுகிறேன், தினமும் எரிகிறது. தண்ணீர் என்ன சொன்னது? உடனே எழுதுங்கள்.

சின்னு

ஜனவரி 11

அன்புள்ள சின்னு,

நலம். தண்ணீர் சொன்னதைச் சொல்கிறேன்.

மிச்சம் சொற்பம்தான். ஆனால் ஆகஸ்டில் இருந்த அதே சொற்பம் டிசம்பரிலும் இருக்கிறது. நுண்ணுயிர்கள் ஜாடியில் உயிரோடுதான் இருக்கின்றன, பசியோடும் இருக்கின்றன. இருந்தும் அதைத் தொடவில்லை. வெறும் கடல்நீரில் அது கிடையாது. ஜாடியில் பத்து மாதம் பார்த்ததை வைத்துக் கடலில் ஆயிரம் வருஷத்துக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். இவ்வளவு அழுகியது, இவ்வளவு நின்றது என்று மட்டும் எழுதிக் கட்டுரையை அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

என் எண் யாருக்கும் பிடிக்கவில்லை. ஒன்றுமே மிஞ்சாது என்பவர்களுக்கு அது அதிகம். எல்லாம் மிஞ்சும் என்பவர்களுக்கு அவமானம். கம்பெனி பலகையை மாற்றப் போகிறதாம். "என்றென்றும்" போய், "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று வருமாம். எது நிரூபிக்கப்பட்டது என்று எழுதப் பலகையில் இடம் இருக்காது. இயக்குநர் வாழ்த்துத் தந்தி போல ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். முதிர்ந்த பாசி பற்றிய என் ஆய்வு நிறுவனத்துக்குப் பெருமை சேர்த்ததாம். என் மாற்றலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. நான் இன்னும் இயந்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தீர்ப்பும் இந்தப் படகில்தான் வந்தது. முடிந்துவிட்டது. இனி என்னை எப்படி அழைப்பது என்பது உன் விருப்பம். ஜாடிகளைக் கொட்டிவிடலாம். சாக்கடையில் வேண்டாம், கடலில் கொட்டு.

அன்புடன்,
நான்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

"நான்" என்று கையெழுத்துப் போட்டால் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். நலம்.

நானும் மாடிக்காரரும் ஞாயிற்றுக்கிழமை வாடகை வண்டி பிடித்து ஜாடிகளைக் கடலுக்குக் கொண்டுபோனோம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அது கறுப்புப் போர்வையோடு கொட்டகையில் இருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள். மாடிக்காரர் கேட்கவில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. அண்ணன் கடைசியில் நான் சொன்னபடி நடந்துவிட்டான். எழுத்துமூலம் மனு கொடுத்திருக்கிறான், பதிவுத் தபாலில், நகராட்சிக்கு. நாற்றப் புகார்க் கோப்பில், "பொருளின் உரிமையாளர், வீட்டாருக்கு உறவு" என்ற இடத்தில் நான் "அண்ணி" என்று எழுதியிருந்தேன். நீதிமன்றத் தீர்ப்பின்படி அது இப்போது தவறாம். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, உறவற்றவரின் உடைமை ஏதும் வளாகத்தில் இருந்தால் அகற்ற வேண்டுமாம். தீர்ப்பு நகலும் இணைத்திருக்கிறான். மனு நல்ல நடையில் இருக்கிறது. வாசகம் எழுதுகிறவன் அல்லவா?

படித்ததும் ரத்தம் கொதித்தது. மேசையைக் குத்தியதில் முத்திரை மைக்கூடு கவிழ்ந்துவிட்டது. அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, விதிப்படி வாங்கிப் பதிவு செய்தேன். நான் எதையும் கிழிக்கிறவள் இல்லை.

கணவன் மனைவி பிரிந்தால் அவர்கள் பிரிந்தார்கள் என்று தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது. நாத்தனார் பிரிந்தாள் என்று எங்கேயும் இல்லை. முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டேன். ஆகவே இது எந்தத் துறையின் கீழ் வருகிறது என்பதில் நியாயமான ஐயம் எழுகிறது. சட்டப் பிரிவின் கருத்துக் கேட்டிருக்கிறேன். பிறகு குடும்ப நலத் துறைக்குப் போகும், அங்கிருந்து கழிவுநீர்ப் பிரிவுக்கு. உடைமை கடல்சார்ந்தது என்பதால் மீன்வளத் துறையை விட முடியாது. அவர்கள் எப்படியும் தோட்டக்கலைக்கு அனுப்புவார்கள்.

எல்லாப் பதிலும் வந்து சேரும்வரை அந்தச் சொல்லை அடிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. அதுவரை கோப்பின்படி நீங்கள் அண்ணிதான்.

அந்தத் துறைகளை எனக்கு நன்றாகத் தெரியும். நம் இரண்டு பேர் காலத்துக்கும் தாங்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்,
சின்னு